அந்த ஐந்து சென் எங்கே போனது?

பாச்சாங் கோப்பிக் கடைகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தப் பேச்சு எழும். “நேத்து டிவிடென்ட் போட்டாங்கண்ணே. இன்னிக்குப் பார்த்தா வெல அஞ்சு சென் எறங்கிக் கெடக்கு. ஒரு கையில குடுத்துட்டு மறு கையில எடுத்துக்கிட்டானுங்க.” சொல்பவர் கைப்பேசியை மேசைமேல் வைத்துக் காட்டுவார். முந்தின நாள் ஒரு யூனிட் 1.0830 வெள்ளி, இன்று 1.0330. (எண்கள் நான் கணக்கு வசதிக்காக வைத்துக்கொண்டவை, புகார் நிஜமானது.) எதிரே இருப்பவர் தலையாட்டுவார். யூனிட் டிரஸ்ட்டில் பணமே போடாதவர் என்றால் கொஞ்சம் பலமாகவே ஆட்டுவார்.

யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கான கணக்குக்கு வருகிறேன். அதற்குமுன், இந்த ஊர்த் தமிழர் ஒருவர் தன் சேமிப்பின் விலை நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று நான்கு தசமப் புள்ளி வரைக்கும் தெரிந்துவைத்துக்கொண்டு கோபப்படுவதே ஒரு தலைமுறைக்குள் வந்த மாற்றம் என்பதைச் சொல்ல வேண்டும். அவருடைய தாத்தாவின் பணத்துக்கு அன்றாட விலை என்று ஒன்று இருந்ததில்லை.

மலாக்கா நகரிலிருந்து காஜா பெராங் வழியாக, மலாக்கா செட்டிகளின் கம்பத்தைக் கடந்து வந்தால் பாச்சாங். பக்கத்திலேயே பத்து பெரண்டாம். இன்று தாமான் வீடுகளும் கடைவரிசைகளும் நிறைந்த நகர்ப்புறம். இங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றின் வேர் தோட்டங்களில் இருக்கிறது: ஜாசின், மெர்லிமாவ், காடேக், தெபோங், புக்கிட் அசகான். ரப்பர் வணிகப் பயிரானதே இந்த மாநிலத்தில்தான். டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டுப் பார்த்துவிட்டு, பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். அந்த மரங்களில் பால் வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், 1970களில் பத்து பெரண்டாம் சுதந்திர வாணிப வட்டாரத்தில் மின்னணு ஆலைகள் எழுந்தபோது, ஆலை பஸ் ஏறி ஷிஃப்ட் வேலைக்குப் போனார்கள். 1973இல் சீமன்ஸ் அங்கே தொடங்கிய ஆலைதான் இன்றைய இன்ஃபினியான். தோட்டத்திலிருந்து ஆலைக்கு, லயத்திலிருந்து தாமானுக்கு என்று ஆட்கள் இடம் மாறியதுபோல் அவர்கள் பணமும் இடம் மாறியது. அந்தப் பயணத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

தோட்டத்துப் பணம் மூன்று இடத்தில் இருந்தது. ஒன்று, பெண்கள் கழுத்தில். இரண்டு, கூட்டில். பத்துப் பேரோ இருபது பேரோ மாதம் ஒரு தொகை கட்டி, மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுக்கும் ஏற்பாடு. 1971இல் அரசாங்கம் கூட்டைச் சட்டம் போட்டே தடை செய்தது. தடைக்குப் பிறகும் அது மறைந்துவிடவில்லை என்பது ஊரறிந்த இரகசியம். மூன்றாவது, சம்பளத்தில் பிடித்த ஊழியர் சேமநிதி. ஈபிஎஃப் 1951இல் தொடங்கியது. 1950களில் அது கொடுத்த டிவிடென்ட் இரண்டரை விழுக்காடு. 1983 முதல் 1987 வரை எட்டரை விழுக்காடு. அதற்குமேல் அது ஏறியதே இல்லை. ஆண்டு பிறந்து இத்தனை விழுக்காடு என்று அறிவிப்பு வரும், கணக்கில் ஏறும். ஒருமுறை ஏறியது இறங்காது. நம் ஆட்கள் பணத்தைப் பற்றிக் கற்ற முதல் பாடம் இதுதான்: டிவிடென்ட் என்பது மேலே வந்து விழுவது.

1960இல் நான்காவதாக ஒன்று வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பிய காலம். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. வி. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, நம் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தொழிலாளியிடம் கேட்டார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது. தொடர்ந்து நாடெங்கும் பல தோட்டங்கள்.

அந்தப் பங்கு வைத்திருந்தவரிடம் போய், உங்கள் பங்கின் இன்றைய மதிப்பு என்ன என்று கேட்டிருந்தால் கேள்வியே விளங்கியிருக்காது. சொத்து கண்முன் நின்றது: மரம், நிலம், லயம், ஆலை. விலைதான் கண்ணில் படவில்லை. கூட்டுறவுப் பங்கின் இயல்பும் அப்படி. முகமதிப்பில் வாங்குகிறோம், விலகும்போது முகமதிப்பைத் திருப்பிப் பெறுகிறோம், இடையில் லாப ஈவு வருகிறது. நிலத்தின் விலை பத்து மடங்கு ஏறினாலும் அந்த ஏற்றம் சங்கத்துக்குள் நிற்கும். உறுப்பினர் கையில் இருக்கும் தாளில் தானாகத் தெரியாது. குறையாக இதைச் சொல்லவில்லை. வேலையைக் காப்பாற்றத்தான் அந்தப் பணம் போனது, விலையேற்றத்துக்காகப் போகவில்லை.

மைக்கா ஹோல்டிங்ஸ் அப்படியல்ல. 1982இல் மஇகா தொடங்கிய அந்த நிறுவனம் பணம் பெருகும் என்ற பேச்சோடுதான் வந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களிடமிருந்து நூறு மில்லியன் வெள்ளிக்கு மேல் திரண்டது. தோட்டத்தில் நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கினார்கள் என்று இன்றும் சொல்வார்கள். பங்கு ஒரு வெள்ளி. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாததால், ஒரு வெள்ளி இன்று என்ன ஆனது என்று பார்க்க ஒரு பலகையும் இல்லை; விற்க நினைத்தாலும் வாங்க ஆள் இல்லை. 2010இல் ஒரு நிறுவனம் பங்குக்கு 80 சென் தந்து எடுத்துக்கொள்ள முன்வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டு.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. 1984 தொடக்கத்தில் ஒரு வெள்ளி ஈபிஎஃப் கணக்கில் இருந்து, ஆண்டுதோறும் அறிவித்த டிவிடென்டை அதிலேயே சேர்த்துக்கொண்டு போயிருந்தால், 2010 முடிவில் அது ஐந்து வெள்ளியைத் தாண்டியிருக்கும். ஒரு வெள்ளி 80 சென் ஆனது என்பதைவிட, ஐந்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டியது 80 சென் ஆனது என்பதுதான் இழப்பின் சரியான அளவு. இடையில் கைக்கு வந்த லாப ஈவை அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டினாலும் இடைவெளி மூடாது என்று அடித்துச் சொல்லலாம்.

பலர் பணத்தை ஒன்றாகத் திரட்டிப் பங்குகளில் போடும் யூனிட் டிரஸ்ட் என்ற ஏற்பாடு இதற்கெல்லாம் முன்பே நாட்டில் இருந்தது. மலாயன் யூனிட் டிரஸ்ட்ஸ் 1959இல் வந்தது. 1981இல் இன்றைய பப்ளிக் மியூச்சுவல், கோலாலம்பூர் மியூச்சுவல் ஃபண்ட் என்ற பழைய பெயரில், தன் முதல் நிதியைத் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் அமானா சகாம் நேஷனல், அது பூமிபுத்ராக்களுக்கு. பாச்சாங்குத் தமிழர் ஒருவர் அன்றைக்கு யூனிட் வாங்கினார் என்றால் அவர் பெரும்பாலும் ஆசிரியராகவோ வங்கிக் குமாஸ்தாவாகவோ இருந்திருப்பார். விலையை ஆங்கில நாளேட்டின் வணிகப் பக்கத்தில், பொடி எழுத்தில், விரலை வைத்துத் தேட வேண்டும். ஒரே நிதிக்கு இரண்டு விலை இருக்கும்: வாங்க ஒன்று, விற்க ஒன்று. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசத்துக்குள் முகவரின் கமிஷன் உட்கார்ந்திருந்தது. 2007 நடுவில்தான் ஒற்றை விலை முறை வந்து, கட்டணம் விலையைவிட்டு வெளியே வந்து தனி வரியாக நின்றது.

1996 நவம்பரில் ஈபிஎஃப் ஒரு கதவைத் திறந்தது. குறிப்பிட்ட அளவுக்குமேல் சேமிப்பு வைத்திருப்பவர் அதில் ஒரு பகுதியை எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட யூனிட் டிரஸ்ட்டில் போடலாம். ஆலையில் இருபது ஆண்டு நின்றவர்களைத் தேடி முகவர்கள் வந்தார்கள். சொந்தக்காரர்கள், பழைய வகுப்புத் தோழர்கள், கோயில் கமிட்டியில் இருப்பவர்கள். கையிலிருந்து காசு எடுக்க வேண்டாம், கையெழுத்துப் போட்டால் போதும். இதைவிட இலேசான விற்பனை இருக்க முடியாது. காலம்தான் சரியில்லை. 1997 பிப்ரவரியில் 1,270ஐத் தாண்டியிருந்த கோலாலம்பூர்ப் பங்குச் சந்தைக் குறியீடு, 1998 செப்டம்பர் 1 அன்று 262.70இல் நின்றது. ‘ஏறியது இறங்காது’ என்று சேமநிதியில் படித்த பாடத்தோடு யூனிட் வாங்கியவர்கள், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விலை தினமும் இறங்குவதைப் பார்த்தார்கள். பலர் அடிமட்டத்தில் விற்றுவிட்டு வெளியே வந்தார்கள். மகனையோ மகளையோ ‘அந்தப் பக்கம் போகாதே’ என்று தடுக்கும் பெரியவர்கள் பாச்சாங்கில் இன்னும் இருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் அந்த இரண்டு ஆண்டுகள்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

தோட்டத்தில் வளர்ந்தவருக்கு நிகரச் சொத்து மதிப்பைப் புரியவைக்க அதிகம் பாடுபட வேண்டாம். வெட்டிய பாலைக் கொண்டுவந்து நிறுக்கும்போது, வாளி எடைக்கு அப்படியே காசு கிடையாது. மெட்ரோலாக்கை விட்டுப் பார்த்து, இதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று கண்டு, அதற்குத்தான் கூலி. மீதி தண்ணீர். மழை நாளில் வாளி கனக்கும்; கணக்கில் ஒன்றும் கூடாது. தண்ணீர் கலந்து பார்த்தவர்களின் கதைகள் தனி. நிதியின் கணக்கும் தண்ணீரைக் கழித்துவிட்டு ரப்பரை மட்டும் எண்ணுவதுதான்.

ஒவ்வொரு வேலை நாளும் பங்குச் சந்தை மூடியபின் நிதியின் கணக்காளர் அதனிடம் இருக்கும் ஒவ்வொரு பங்கையும் அன்றைய முடிவு விலையில் மதிப்பிடுவார். கையிருப்பு ரொக்கம், வர வேண்டிய லாப ஈவு, ஏறிய வட்டி எல்லாம் கூடும். கொடுக்க வேண்டியது கழியும். நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காடு என்றால் அதில் 365இல் ஒரு பங்கு அன்றைக்கே கழிந்துவிடும். அறங்காவலர் கட்டணமும் அப்படியே. மிஞ்சுவதுதான் நிகரச் சொத்து மதிப்பு. அதை மொத்த யூனிட்டுகளால் வகுத்தால் ஒரு யூனிட்டின் விலை. காலையில் வாங்கச் சொன்னவருக்கும் அன்று மாலைக் கணக்கில் வரும் விலைதான் கிடைக்கும். என்ன விலை என்று தெரியாமலேதான் எல்லோரும் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். புதிதாக ஆயிரம் பேர் பணம் போட்டாலும் அதனால் விலை ஏறாது. அவர்கள் கொண்டுவந்த பணத்துக்கு ஈடாகப் புது யூனிட்டுகளும் பிறந்துவிடுகின்றன. ‘நெறைய பேர் வாங்குறாங்க, வெல ஏறும்’ என்பது பங்குக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

ஒரு கற்பனை நிதி. ஆண்டுத் தொடக்கத்தில் 100 மில்லியன் யூனிட், ஒவ்வொன்றும் ஒரு வெள்ளி. ஆக 100 மில்லியன் வெள்ளிச் சொத்து. ஆண்டு முழுவதும் அது வைத்திருந்த பங்குகளின் விலை ஏறியதில் 6 மில்லியன், கம்பெனிகள் கொடுத்த லாப ஈவும் வட்டியுமாக 4 மில்லியன். பத்து விழுக்காடு சம்பாத்தியம். நிர்வாகம், அறங்காவலர், தணிக்கை என்று செலவு 1.7 மில்லியன். மீதி 108.3 மில்லியன். யூனிட் விலை 1.0830.

இப்போது நிதி யூனிட்டுக்கு 5 சென் ஈவு அறிவிக்கிறது. 100 மில்லியன் யூனிட்டுக்கு 5 மில்லியன் வெள்ளி. அந்தப் பணம் வானத்திலிருந்து வரவில்லை, இந்த 108.3இலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுத்தபின் 103.3 மில்லியன். விலை 1.0330. கோப்பிக் கடையில் புகார் சொன்னவர் தேடும் ஐந்து சென் இதுதான். நிதியின் பையிலிருந்து அவர் பைக்குப் போயிருக்கிறது. இரண்டு பையும் அவருடையதே.

சுருக்கிச் சொன்னால்: தொடக்க விலை ஒன்று, அதோடு சம்பாத்தியம் பத்து சென், கழிவது செலவு 1.7 சென், கழிவது ஈவு ஐந்து சென். 1.0330. நான்காம் படிவ மாணவனுக்கு இது ஒரு நிமிடக் கணக்கு. திருப்பிப் படிப்பதில்தான் பெரியவர்களும் தடுமாறுகிறார்கள். விலையை மட்டும் பார்த்தால் இந்த நிதி 3.3 விழுக்காடுதான் வளர்ந்தது. ஈவை மட்டும் பார்த்தால் 5 விழுக்காடு. இரண்டும் பாதிக் கணக்கு. இறுதி விலையோடு ஈவைக் கூட்டித் தொடக்க விலையோடு ஒப்பிட்டால்தான் 8.3 என்று தெரியும்.

ஈவை ரொக்கமாக வாங்காமல் மறுமுதலீடு செய்யச் சொல்லியிருந்தால்? பத்தாயிரம் யூனிட் வைத்திருந்தவருக்கு 500 வெள்ளி. அதை 1.0330 விலையில் யூனிட்டாக்கினால் 484.03 யூனிட். இப்போது 10,484.03 யூனிட், விலை 1.0330, பெருக்கினால் 10,830 வெள்ளி. ஈவு கொடுக்காமலே விட்டிருந்தாலும் பத்தாயிரம் யூனிட்டை 1.0830ஆல் பெருக்கினால் அதே 10,830தான். விலை குறைந்தது, எண்ணிக்கை கூடியது, மதிப்பு அசையவில்லை.

இது தெரியாததால் நடக்கும் வியாபாரம் ஒன்று உண்டு. “அடுத்த வாரம் டிவிடென்ட் அறிவிக்கிறாங்கக்கா. இப்பவே போட்டுட்டா ஒரே வாரத்துல அஞ்சு சென்.” சொல்லும் பையன் கெட்டவன் இல்லை, பாதி நேரம் அவனே அதை நம்புகிறான். அக்கா பத்தாயிரம் வெள்ளி போடுகிறார் என்று வைப்போம், கட்டணத்தை மறந்துவிட்டு. 1.0830 விலையில் 9,233.61 யூனிட். மறுவாரம் ஈவு 461.68 வெள்ளி. விலை 1.0330, யூனிட்டுகளின் மதிப்பு 9,538.32. கூட்டினால் பத்தாயிரம். அக்காவின் பணத்தை எடுத்து அக்காவிடமே கொடுத்ததற்குப் பெயர் டிவிடென்ட். கட்டணத்தை மறக்காமல் போட்டால் முதல் வாரமே நஷ்டம். ஈவு அறிவித்தால் விலை அந்த அளவுக்குக் குறையும் என்று விளம்பரத்தின் அடியிலும் விளக்க அறிக்கையிலும் அச்சிட்டுத்தான் இருக்கிறார்கள். யூனிட்டைப் பிளந்து இரண்டாகத் தரும்போதும் அப்படியே: எண்ணிக்கை இரட்டிப்பானாலும் மதிப்பு மாறாது என்ற வாக்கியம் அங்கே இருக்கும். அதைப் படிக்க வேண்டியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்த இடத்தில் இருக்கும்.

கட்டணம் என்றேன். இந்தக் கணக்கில் கையைக் கடிப்பது உண்மையில் அதுதான், ஈவு அல்ல. முகவர் மூலம் வாங்கும் பங்கு நிதிகளுக்கு ஐந்து விழுக்காட்டை ஒட்டிய விற்பனைக் கட்டணம் நெடுங்காலமாகப் பழகிப்போன ஒன்று. பத்தாயிரம் வெள்ளி கொடுத்தால் 9,523.81 நிதிக்குள் போகும், 476.19 வெளியே நிற்கும். நம் கற்பனை நிதியில் ஓர் ஆண்டு முடிவில் அந்த 9,523.81, 8.3 விழுக்காடு வளர்ந்து 10,314.29 ஆகும். நிதியின் சாதனை 8.3. போட்டவரின் சாதனை மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல். நிதி பொய் சொல்லவில்லை, முகவரும் பொய் சொல்லவில்லை. நிகரச் சொத்து மதிப்புக்குள் ஆண்டுச் செலவு எல்லாம் அடங்கிவிட்டது. நுழைவுக் கட்டணம் அதற்கு வெளியே நிகழ்ந்துவிட்டது. பல ஆண்டு வைத்திருந்தால் அந்தக் காயம் ஆறும். ஆண்டுக்கொரு முறை ‘இது நல்லா ஓடுது, அதுக்கு மாத்திக்கலாம்’ என்று மாற்றிக்கொண்டிருப்பவருக்கு ஆறாது.

கால் வெள்ளி நிதி மலிவு, ஒன்றரை வெள்ளி நிதி விலை அதிகம் என்ற எண்ணத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. இரண்டும் பத்து விழுக்காடு வளர்ந்தால் இரண்டிலும் ஆயிரம் வெள்ளி, ஆயிரத்து நூறுதான் ஆகும்.

ஆனால் இவ்வளவும் விலை மாறும் நிதிகளின் கதை. பாச்சாங்கில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் பேசுவது வேறொரு வகையைப் பற்றி. 1996இல் அமானா சகாம் வாவாசான் 2020, 2000இல் அமானா சகாம் மலேசியா, 2009இல் அமானா சகாம் 1மலேசியா என்று எல்லா இனத்தவரும் சேரக்கூடிய நிதிகளைப் பெர்மோடாலான் நேஷனல் வரிசையாகத் திறந்தது. முதலாவதும் மூன்றாவதும் இப்போது வேறு பெயரில் இருக்கின்றன. இவற்றில் ஒரு யூனிட் என்றைக்கும் ஒரு வெள்ளி. விற்பனைக் கட்டணம் இல்லை. சந்தை விழுந்தாலும் ஒரு வெள்ளி, எழுந்தாலும் ஒரு வெள்ளி. உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்பு தினமும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஆட்டம் கதவுக்கு வெளியே தெரியாது. ஆண்டுக்கொருமுறை யூனிட்டுக்கு இத்தனை சென் என்று அறிவிப்பு வரும். அதுவும் மாதாமாதம் கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்பை வைத்துக் கணக்கிடுவார்கள். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மாதம் பிறப்பதற்குள் பணம் போட ஓடுகிறார்கள், எடுப்பதை மாதத் தொடக்கத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள்.

1998இல் சூடுபட்ட ஊருக்கு இது மருந்து மாதிரி இறங்கியது. ஈபிஎஃப் கற்றுக்கொடுத்த பாடம் இங்கே செல்லும். 2009இல் 1மலேசியா நிதியின் 10 பில்லியன் யூனிட்டில் இந்தியர்களுக்கு 15 விழுக்காடு ஒதுக்கினார்கள். நம் பங்கு மெதுவாகத்தான் போனது. விருப்பம் இல்லாமல் இல்லை. எடுத்துவைக்கப் பணம் இல்லை. 2017 அக்டோபரில், அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், மேலும் 1.5 பில்லியன் யூனிட்டை இந்தியர்களுக்கு ஒதுக்கி, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஐயாயிரம் வெள்ளி வரை கடன் கொடுத்து வாங்க வைக்கும் ஏற்பாட்டையும் அறிவித்தார்கள். கடன் வாங்கிப் போட்ட பணத்தில் ஈவு முழுவதும் சம்பாத்தியம் ஆகாது. கடன் வட்டி போக மீதிதான் சம்பாத்தியம். ஒரு வெள்ளி மாறாது என்ற நிம்மதியில் இந்தக் கழித்தலை மறப்பது எளிது.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். மாறா விலை நிதிகள் நம் ஆட்களுக்கு நல்லதையே செய்திருக்கின்றன; அவற்றில் பணம் வைத்திருப்பவரை நான் வேறெங்கும் போகச் சொல்லமாட்டேன். ஆனால் கூட்டுறவுப் பங்கு, சேமநிதி, ஒரு வெள்ளி யூனிட் மூன்றும் சேர்ந்து ஒரு பழக்கத்தை அறுபது ஆண்டுகளாக ஊட்டி வளர்த்துவிட்டன: மதிப்பைப் பார்க்க வேண்டாம், ஈவை மட்டும் கேள். மைக்காவில் யாரும் பல ஆண்டு மதிப்பைக் கேட்காமல் இருந்ததற்கும், டிவிடென்டுக்கு முந்தின வாரம் யூனிட் வாங்கும் அக்காவுக்கும் அடியில் ஓடுவது அதே பழக்கம்தான்.

இளையவர்களிடம் அது உடைகிறதா என்றால், பாதி. இப்போது அஞ்சலகத்தில் வரிசையில் நின்று பாஸ்புக்கைப் பதிய வேண்டியதில்லை. செயலியிலேயே வாங்கலாம், விற்கலாம். ஈபிஎஃப் உறுப்பினர் தன் இணையக் கணக்கின் வழியாகவே நிதி வாங்கும் வசதி 2019இல் வந்து, கட்டணத்தை அரை விழுக்காட்டுக்குள் இறக்கியது. 2021இல் டச் என் கோ பணப்பையில் வந்த கோ பிளஸ், உள்ளே பார்த்தால் ஒரு பணச்சந்தை நிதி. டோல் கட்ட வைத்திருக்கும் காசும் அதில் தினம் தினம் சில சென் ஏறும். குறைந்தது பத்து வெள்ளி போட்டால் போதும். சம்பந்தன் கேட்டதும் பத்து வெள்ளிதான். அன்றைய பத்து வெள்ளி ஒரு தொழிலாளிக்குப் பல நாள் கூலி, இன்று ஒரு வேளை நாசி கண்டார். செலவு விஷயத்தில் இளையவர்கள் கெட்டிக்காரர்கள். 5 விழுக்காடு என்றால் ‘எதுக்கு?’ என்று கேட்கிறார்கள். மதிப்பு விஷயத்தில் அவர்களுக்கு வேறு நோய்: இரவு ஒன்பது மணிக்கு விலையைப் பார்த்து, சிவப்பாக இருந்தால் தூக்கம் வராமல், மாதத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறார்கள். ஈவு நாளன்று அந்தச் சிவப்பு கூடுதலாகப் பயமுறுத்துகிறது. செயலிகளில் சில, கணக்கில் ஏறிய ஈவை இலாபத்தோடு சேர்க்காமல் விலை வித்தியாசத்தை மட்டும் காட்டும். பத்தாண்டு ஈவை மறுமுதலீடு செய்து மொத்தத்தில் நன்றாக இருக்கும் ஒருவருக்கு, அப்படிப்பட்ட செயலி ‘கொஞ்சமாகத்தான் சம்பாதித்திருக்கிறீர்கள்’ என்று சொல்லும்.

சொந்தக் கணக்கைச் சரிபார்க்க விரும்புகிறவர் எடுக்க வேண்டியவை இரண்டே தொகை. கையிலிருந்து இதுவரை மொத்தம் எவ்வளவு போனது, கட்டணம் உட்பட. இன்றைக்கு எல்லா யூனிட்டையும் விற்றால் எவ்வளவு வரும், இடையில் ரொக்கமாக வாங்கிய ஈவு எவ்வளவு. பின்னவை இரண்டின் கூட்டுதான் இரண்டாவது தொகை; அதிலிருந்து முதல் தொகையைக் கழித்தால் மிஞ்சுவது சம்பாத்தியம். யூனிட் விலை ஏறியதா இறங்கியதா என்பது இந்தக் கணக்குக்குள் தானாக அடங்கிவிடும். ஒரு நிதியை இன்னொரு நிதியோடு ஒப்பிட வேண்டுமென்றால் நிதியின் மாதாந்தரத் தகவல் தாளில் ‘மொத்த வருமானம்’ என்ற அட்டவணை இருக்கும். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும், பிள்ளைகளைப் படிக்கச் சொல்லலாம். ஈவு மறுமுதலீடு செய்யப்பட்டதாகக் கொண்டு கணக்கிட்ட எண்கள் அவை. விற்பனைக் கட்டணம் இதில் சேர்க்கப்படவில்லை என்பது பெரும்பாலும் அதன் அடியில், சின்ன எழுத்தில் போட்டிருக்கும்.